'பொண்ணு மேஜர்ங்க'... அப்படின்னா என்ன? சட்டம் சொல்வது இதுதான்!

காதல் ஜோடி காவல் நிலையத்தில் தஞ்சம். வாசலில் இரு வீட்டாரும் வாக்குவாதம். கடைசியில் அதிகாரி சொல்வார்: "பொண்ணு மேஜர்ங்க, நாங்க கட்டாயப்படுத்த முடியாது." செய்திகளில் அடிக்கடி அடிபடும் இந்த 'மேஜர்' யார்?

ராணுவ மேஜர் இல்லை. நடிகர் 'மேஜர்' சுந்தர்ராஜனும் இல்லை (அவருக்கு அந்த அடைமொழி 'மேஜர் சந்திரகாந்த்' நாடகத்தால் வந்தது). 1875-ம் ஆண்டின் மெஜாரிட்டி சட்டப்படி 18 வயது நிறைந்தவர் மேஜர், அதற்குக் கீழே மைனர். 18-வது பிறந்தநாள் தொடங்கியதுமே ஒருவர் மேஜர்தான். நீதிமன்றம் கார்டியன் நியமித்தவர்களுக்கு மட்டும் 21 வயது என இருந்தது. 1999-ல் அதுவும் நீக்கப்பட்டது.

தமிழில் சொல் இல்லையா?

இருக்கு. 'வயது வந்தவர்', 'உரிய வயதடைந்தவர்' என்று எழுதுகிறார்கள். ஆனா பேச்சுவழக்கில் 'வயசுக்கு வந்துட்டா' என்றால் பூப்பெய்துவதுதான். 13 வயதில் வயசுக்கு வந்த பெண்ணும் சட்டத்தின் கண்ணில் மைனர். இந்தக் குழப்பத்தாலோ என்னவோ, ஸ்டேஷன் முதல் டீக்கடை வரை 'மேஜர்' என்ற சொல்லே நிலைத்துவிட்டது. கழுத்தில் செயின் போட்டு ஊர் சுற்றும் 'மைனர்' வேற கதை!

மேஜர் ஆனால் என்ன மாறும்?

எங்கே தங்குவது, யாருடன் வாழ்வது என்பது அவர் முடிவு. பெற்றோர் ஆட்கொணர்வு மனு போட்டாலும், நீதிபதி அந்தப் பெண்ணிடம்தான் விருப்பத்தைக் கேட்பார். 'என் இஷ்டப்படிதான் போனேன்' என்று சொன்னால், அவரைப் பெற்றோருடன் வலுக்கட்டாயமாக அனுப்ப முடியாது. மகள் செய்துகொண்ட கல்யாணம் பிடிக்கலையா? பெற்றோர் உறவை முறித்துக்கொள்ளலாம், மிரட்டவோ அடிக்கவோ கூடாது என 2006-ல் லதா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இங்கே ஒரு சிக்கல். ஆணுக்கு மேஜர் வயது 18, கல்யாண வயது 21. நடுவில் இருக்கும் மூன்று வருஷம்? 2018-ல் கேரள ஜோடி ஒன்றின் வழக்கில் இந்தக் கேள்வி வந்தது. மணமகனுக்கு 21 ஆகாவிட்டாலும், இருவரும் மேஜர் என்பதால் சேர்ந்து வாழ உரிமை உண்டு என்றது உச்ச நீதிமன்றம்.

ஆக, 'சமாதானம் பேசி வீட்டுக்கு அனுப்பிட்டோம்' என்று செய்தி வரும்போது, அந்தப் பெண் சம்மதித்தாரா என்பதுதான் கேள்வி.

தஞ்சம் கேட்டுப் போகிறவர்கள் கையில் வயதுச் சான்று அவசியம். பிறப்புச் சான்றிதழோ, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழோ போதும். பெரும்பாலும் அது அப்பாவின் பீரோவுக்குள் இருக்கும் என்பதுதான் பிரச்னை. முன்கூட்டியே நகல் எடுத்து வைப்பது நல்லது. மிரட்டல் இருந்தால் பெண்கள் உதவி எண் 181.