பழைய தாய்ப்பலகை: பொருளா, கழிவா?



பள்ளிக் கணினிக் கூடத்திலோ வீட்டு அலமாரியிலோ முடங்கிக் கிடக்கும் பழைய கணினி ஒரு பொருளா, கழிவா? கேட்பதற்கு எளிய கேள்விதான். ஆயினும், இதற்குத் தெளிவான விடை காண உலக நாடுகளுக்குப் பல ஆண்டுகள் தேவைப்பட்டன. கண்ட விடை இதுதான்: சோதித்துப் பார்க்காமல் எதனையும் பொருள் என்று சொல்லக்கூடாது. மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகையைச் சோதிக்கும் வழக்கம் எப்படி வளர்ந்தது, அது ஏன் சட்டமாகவே மாறியது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

தன்னைத் தானே சோதித்த கணினி

1981ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் ஐபிஎம் நிறுவனம் தனது தனியாள் கணினியை வெளியிட்டது. மின்சாரம் பாய்ந்தவுடன் அக்கணினி முதலில் தன் உறுப்புகளைத் தானே சோதித்துக் கொண்டது. எல்லாம் சரியாக இருந்தால் ஒரே ஒரு குறுகிய ஒலி எழும். குறை இருந்தால் ஒலியின் எண்ணிக்கையும் நீளமும் மாறும். திரையில் ஒன்றும் தெரியாத வேளையிலும் பலகை தன் நோயைத் தானே சொல்லிவிடும். பழுது பார்ப்போருக்கு இது பெரிய துணையாயிற்று.

1995இல் இன்டெல் நிறுவனம் ஏடிஎக்ஸ் என்னும் அமைப்பு முறையை அறிமுகப்படுத்தியது. பலகையின் அளவும் திருகுத் துளைகளின் இடமும் மின் இணைப்பும் ஒரே சீராயின. ஒரு நிறுவனத்தின் பலகையை வேறொரு நிறுவனத்தின் மின்வழங்கியில் பொருத்திச் சோதிப்பது எளிதாயிற்று. பழைய பலகைக்கு மறுவாழ்வு தரும் வாய்ப்பும் பெருகியது.

வீங்கிய மின்தேக்கிகள்

2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஒரு புதிய நோய் தோன்றியது. பல ஆண்டுகள் உழைக்க வேண்டிய தாய்ப்பலகைகள் ஓரிரு ஆண்டுகளிலேயே செயலிழந்தன. செயலியைச் சுற்றி நிற்கும் சிறிய உருளை வடிவ மின்தேக்கிகளின் தலை வீங்கி, பழுப்பு நிறக் கசிவு வெளிப்பட்டது. அவற்றின் உள்ளிருந்த மின்பகுநீர்மத்தில் நீர் மிகுதி; அலுமினியத்தை அந்நீரிலிருந்து காக்கும் சேர்மங்களோ சரிவர இல்லை. நீரும் அலுமினியமும் வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கின. அழுத்தம் கூடி மேல்மூடி புடைத்தது. 2003இல் இச்செய்தி தொழில்நுட்ப இதழ்களில் விரிவாக வெளிவந்தது. 2005இல் டெல் நிறுவனம் இத்தகைய கணினிகளைச் சரிசெய்வதற்காகச் சுமார் 300 மில்லியன் அமெரிக்க டாலரை ஒதுக்க நேர்ந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சில வெள்ளி விலையுள்ள மின்தேக்கிகளை மாற்றினால் இப்பலகைகளுள் பல மீண்டும் இயங்கின. சோதித்தவர்கள் இதனை அறிந்தார்கள். சோதிக்காதவர்கள் கணினியையே குப்பையில் சேர்த்தார்கள்.

குயியூ சொன்ன பாடம்

அவ்வாறு எறியப்பட்டவை எங்கே சென்றன? 2002ஆம் ஆண்டு பிப்ரவரியில் பாசல் செயல் வலையமைப்பு என்னும் அமைப்பும் பிற அமைப்புகளும் வெளியிட்ட அறிக்கை, சீனாவின் குவாங்டொங் மாநிலத்தில் உள்ள குயியூ என்னும் ஊரை உலகுக்குக் காட்டியது. பிற நாடுகளிலிருந்து வந்து குவிந்த பலகைகளை மக்கள் அடுப்பின் மீது சூடாக்கி, பற்றாசை உருக்கி, சில்லுகளைப் பிடுங்கினார்கள். பொன்னைப் பிரிக்க அமிலத்தில் ஊற வைத்தார்கள். எஞ்சிய நீர் ஆற்றங்கரையில் கலந்தது.

அக்காலத்துப் பற்றாசில் வெள்ளீயம் 63 விழுக்காடு, ஈயம் 37 விழுக்காடு என்பது வழக்கமான கலவை. அதன் விலையைக் குழந்தைகள் கொடுத்தார்கள். குயியூவில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 2007இல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு ஏறத்தாழ 82 பேரின் இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் காணப்பட்டது. இன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 3.5 மைக்ரோகிராமையே எச்சரிக்கை அளவாக வைத்திருக்கிறது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையும் கற்றல் ஆற்றலையும் குறைக்கும் நஞ்சு என்பதை ஆசிரியர்களாகிய நாம் மறத்தலாகாது.

சோதனை சட்டமான வரலாறு

அபாயக் கழிவுகள் நாடு விட்டு நாடு செல்வதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கை 1989இல் உருவாகி 1992இல் நடைமுறைக்கு வந்தது. மலேசியா 1993இலும் சிங்கப்பூர் 1996இலும் அதில் இணைந்தன. ஆயினும் ஓர் ஓட்டை இருந்தது. 'இவை கழிவல்ல, பயன்படுத்திய பொருள்கள்' என்று ஏட்டில் எழுதிவிட்டால் போதும், கப்பல் புறப்பட்டுவிடும்.

ஓட்டையை அடைக்க எழுந்ததே சோதனைச் சான்று. 2012ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றியச் சட்டம், பயன்படுத்திய மின்னணுச் சாதனத்தை ஏற்றுமதி செய்பவர் அது இயங்குகிறது என்பதற்குச் சோதனைச் சான்று காட்ட வேண்டும் என்றது. அது சேதமுறாதபடி முறையாகப் பொதியப்பட்டிருக்கவும் வேண்டும். பலகைகளை அள்ளிக் கொள்கலனில் கொட்டியவர் இனிப் 'பொருள்' என்று வாதிட இயலாது. மலேசியாவும் 2005ஆம் ஆண்டின் திட்டமிட்ட கழிவுகள் விதிமுறைகளில் மின்னணுக் கழிவை எஸ்டபிள்யூ 110 என்னும் குறியீட்டில் சேர்த்தது. 2025ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து, அபாயமுள்ளது, அபாயமற்றது என்ற வேறுபாடின்றி, எல்லா மின்னணுக் கழிவும் பாசல் உடன்படிக்கையின் முன்னனுமதி முறைக்குள் வந்துவிட்டது.

நம் கையில் உள்ள சோதனை

மின்னியல் பயிற்சி உடைய ஒருவர் இதனைச் செய்வதே நலம். முதலாவது, கண். வீங்கிய மின்தேக்கி, கருகிய தடம், துரு, வளைந்த செயலி ஊசிகள் உள்ளனவா என்று நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இரண்டாவது, நாணய வடிவ மின்கலம். 3 வோல்ட்டு தர வேண்டிய அது வலுவிழந்தால், கணினி நாளையும் நேரத்தையும் மறந்துவிடும்; பலகையே பழுது என்று பலர் எண்ணிவிடுவர். மூன்றாவது, நன்றாக இயங்கும் மின்வழங்கியுடன் செயலி, அதன் விசிறி, ஒரே ஒரு நினைவகம், சிறு ஒலிபெருக்கி ஆகியவற்றை மட்டும் பொருத்தி இயக்கி, ஒலிக்குறிப்பைக் கேட்க வேண்டும். நான்காவது, பொறுமை. தொடங்கிய பலகை நல்ல பலகை என்று உடனே முடிவு கட்டாமல், நினைவகச் சோதனை மென்பொருளைச் சில மணி நேரம் ஓடவிட வேண்டும். முடிவைத் தேதியுடன் எழுதிப் பலகையோடு வைக்க வேண்டும்.

மாணவர்கள் பார்க்கலாம், குறிப்பெடுக்கலாம். ஆனால், மின்வழங்கியின் பெட்டியை யாரும் திறக்கலாகாது. கழற்றிய மின்கலத்தைச் சிறு குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

தேறாத பலகையை உரிமம் பெற்ற மீட்பு நிலையத்திடமே ஒப்படைக்க வேண்டும். சிங்கப்பூரில் 2021 ஜூலை முதல் இதற்கெனச் சட்டபூர்வமான திட்டம் உள்ளது. எடைக்கு எடை பார்த்தால், பலகையில் உள்ள பொன் சுரங்கத் தாதுவில் உள்ளதைவிடப் பன்மடங்கு அதிகம். அதை மூச்சில் நஞ்சு ஏறாமல் பிரித்தெடுக்கும் ஆலைகளும் இன்று உள்ளன.

பள்ளிக்குக் கணினி நன்கொடை தர விரும்பும் பெற்றோர்களுக்கு ஓர் அன்பான வேண்டுகோள். சோதித்துத் தாருங்கள், சோதித்த தாளையும் உடன் தாருங்கள். சோதிக்காமல் தந்தால், கழிவை அகற்றும் சுமையைத்தான் பள்ளிக்குக் கைமாற்றுகிறோம். அச்சுமை கைமாறிக் கைமாறி இறுதியில் யாரோ ஒரு குழந்தையின் அடுப்படியில் போய் நிற்கும் என்பதே குயியூ நமக்குக் காட்டிய உண்மை.