பெரம்பலூரில் பெய்த ஸ்னோ

பெரம்பலூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் ஆங்கில நோட்டு, போன மார்கழியில் என் கைக்கு வந்தது. ‘எங்கள் ஊரில் பனி கொட்டும்’ என்ற வரிக்கு ஒரு பையன் ‘ஹெவி ஸ்னோ’ என்று எழுதியிருக்க, ஆசிரியரும் சரி போட்டிருந்தார். சிரித்துவிட்டேன். அப்புறம்தான் உறுத்தியது: பனிக்குள் ஸ்னோவைக் கொண்டுவந்து வைத்தவர் யார்?

முதல் சந்தேகம் பாதிரிமார் மேல். வீரமாமுனிவர் நம்ம ஏலாக்குறிச்சிக்காரர் மாதிரி. அங்கே அடைக்கல மாதா கோயிலை எழுப்பியவர். பிறந்ததோ வட இத்தாலி, ஸ்னோவைக் கண்ணால் கண்டிருப்பார். 1732இல் அவர் முடித்த சதுரகராதியைப் பிரித்தேன். தமிழுக்குத் தமிழிலேயே பொருள் சொல்லும் நூல் அது. ஸ்னோவுக்கு அங்கே வேலையே இல்லை. ஆள் விடுதலை.

அடுத்தது வேதாகமம். ஹென்றி பவர் தலைமையில் 1871இல் வந்த மொழிபெயர்ப்பில் ஸ்னோ வரும் இடங்களைத் தேடினால் ‘உறைந்த மழை’ என்றிருக்கிறது! வெறும் பனி போதாது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பார்க்காத பொருளைக் கண்முன் நிறுத்தும் அந்தச் சொல் வழக்கில் நிற்காமல் போனதில் எனக்கு வருத்தம்தான்.

ஆள் கடைசியில் அகப்பட்டது புறநானூற்றில். 6ஆம் பாட்டில் காரிகிழார் வட எல்லை மலையைச் சொல்லும்போதே பனியைச் சேர்த்துவிட்டார். இமயத்து வெள்ளையும் நம் வயல் ஈரமும் அப்போதே ஒரே சொல்லுக்குள். வெள்ளைக்காரன் மேல் பழிபோட வழியில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகனோ பனிக்குக் குளிர்ச்சி, கண்ணீர், நடுக்கம், அச்சம் என்று பொருளை அடுக்கிக்கொண்டே போகிறது.

ஆங்கிலம் தண்ணீர் எந்த உருவில் விழுகிறது என்று பார்த்துப் பெயர் வைக்கிறது. நமக்குக் காற்றும் மாதமும் உடம்பும்தான் கணக்கு: வாடை, முன்பனி, பின்பனி, கூதல். ‘ஊதக்காத்து, வெடவெடங்குது’ என்றால் போதும், பாட்டி கம்பளியை எடுத்துவிடுவாள். தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிராத ஊரில் உறைந்து விழுவது ஆலங்கட்டி ஒன்றுதான். அதுவும் கோடை மழையில். ஐஸ் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த சரக்கு. அதை வைக்கவே சென்னைக் கடற்கரையில் 1842இல் ஐஸ் ஹவுஸ் கட்டினார்கள். சரக்கோடு பேரும் இறங்கிவிட்டது.

ஆசிரியரைப் பார்த்துச் சொன்னேன். “அப்ப ‘டியூ’ன்னு திருத்திடவா, ஐயா?” என்றார். மறுநாள் விடியலில் இருவரும் மக்காச்சோளக் காட்டு வரப்பில் நடந்தோம். தோகை உரசி வேட்டி முழங்கால் வரை நனைந்தது. அது டியூ. பத்தடிக்கு அப்பால் நின்ற டிராக்டர் தெரியவில்லை. அது ஃபாக். எதிரே வந்த பெரியவர் தலைத்துண்டை இறுக்கிக்கொண்டே, “பனி கொட்டுது, பாத்துப் போங்க” என்றார்.

நோட்டில் இரண்டையும் எழுதி, நடுவே ஒரு ‘அண்ட்’ போட்டோம்.