கூரையும் காற்றும்: மீஞ்சூர்க் கரையின் வீட்டு வரலாறு

ஏகாம்பரநாதரும் வரதராஜப் பெருமாளும் ஒரே ஊரில் கோயில் கொண்டிருப்பதால் வடகாஞ்சி என்று புகழ்பெற்ற மீஞ்சூரைக் கடந்து, கிழக்கே காட்டுப்பள்ளியையும் வடக்கே பழவேற்காட்டையும் நோக்கிச் செல்பவர் காணும் பிரதேசம், ஒருபுறம் வங்கக் கடலும் மறுபுறம் உப்பங்கழியுமாக நீர் சூழ்ந்திருந்தும், சித்திரை வைகாசி மாதங்களில் தகிக்கும் பிரதேசமாகும். மேல்காற்று பலமாக வீசும் நாட்களில் கடற்காற்று கரையேறுவதற்கு உச்சிப்பொழுதும் தாண்டிவிடும். அதற்குள் கூரையின் கீழே திரண்டுவிடும் உஷ்ணத்தை எவ்வாறு வெளியேற்றுவது என்ற கேள்விக்கு இக்கரையின் மக்கள் தலைமுறை தலைமுறையாக விடை தேடி வந்திருக்கிறார்கள்.

முதல் விடை பனையோலையாக இருந்தது. மூங்கிலையும் பனஞ்சட்டத்தையும் நிறுத்தி, ஓலையை அடுக்கடுக்காக வேய்ந்த குடிசையில், வெயிலின் சூடு ஓலையில் தங்குவதில்லை. உள்ளே எழும் வெப்பக் காற்று இலேசாகி மேலே ஏறி, ஓலையின் இடுக்குகளாலும் முகட்டோரத் திறப்புகளாலும் தானே கழிந்துவிடும். அடுப்புப் புகையும் அவ்வழியே போகையில் பூச்சி அண்டாமல் ஓலையைக் காத்தது. தாழ்ந்த இறவாரம் மண்சுவருக்கு நிழல் தந்தது. அதன் அடியிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வந்தது. கீழே வரவும் மேலே போக்கும் என்ற இந்த ஏற்பாட்டை எந்தச் சாஸ்திரமும் பயிலாமல் அனுபவத்தாலேயே கண்டறிந்தவர்கள் நம் முன்னோர். ஆனால் அந்தக் கூரை நெருப்புக்கும் புயலுக்கும் அஞ்சி வாழ்ந்த கூரை. அடிக்கடி புதுப்பிக்கப்பட வேண்டிய கூரை.

இரண்டாம் விடை சுண்ணாம்பாக இருந்தது. பழவேற்காட்டு ஏரிப் பகுதியில் எடுத்த கிளிஞ்சலைச் சூளையிட்டுப் பெற்ற சுண்ணாம்பு, பிற்காலத்தில் பக்கிங்ஹாம் கால்வாயின் தோணிகளில் சென்னைப் பட்டணத்துக்குச் சென்றது. தேக்கு விட்டங்களின் மேல் செங்கல்லைக் குத்துவாக்கில் சுண்ணாம்புச் சாந்திட்டு அடுக்கும் மெட்ராஸ் ஒட்டுத் தளத்துக்கு அத்தகைய சுண்ணாம்பே உயிர்நாடி. அத்தளத்து வீடுகளில் உயரமான கூரையும், அதையொட்டிச் சுவரில் திறந்த சிறு சாளரங்களும் வெப்பத்துக்கு வழிவிட்டன. 1865இல் மங்களூரில் பாசல் மிஷனார் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய ஓடும், ஒன்றோடொன்று கவ்வி நின்றாலும், இடுக்குகளால் மூச்சுவிடும் கூரையாகவே இருந்தது.

வெப்பம் தானே போகாத இடத்தில் அதை யந்திரத்தால் வெளியேற்றலாம் என்ற எண்ணமும் பழமையானதே. இலண்டன் பாராளுமன்றத்தின் மக்கள் சபை நெரிசலால் புழுங்கியபோது, கட்டடக்கலைஞர் கிறிஸ்டோபர் ரென் மேற்கூரையில் துவாரங்கள் திறந்து பார்த்தார். பின்னர், 1730களில், தேசாகுலியே என்ற விஞ்ஞானி சபைக்கு மேலிருந்த அறையில் ஆள் சுழற்றும் சக்கர விசிறி ஒன்றை நிறுவினார். நம் நாட்டிலோ துரைமார் மாளிகைகளில் ஏழை ஒருவன் கயிற்றை இழுக்க அசைந்த பங்கா, காற்றைக் கலக்கியதேயன்றி வெளியேற்றவில்லை. 1880களில் அமெரிக்காவில் பிலிப் டீல் உத்திரத்தில் மாட்டும் மின்விசிறியைச் செய்தார். அது இங்கும் வந்து சேர்ந்தபோது, பங்காவின் குணமே அதற்கும் இருந்தது.

காற்றைக் கலக்குவதற்கும் வெளியேற்றுவதற்கும் உள்ள இந்த வேற்றுமையின் பலனை நம் காலத்து வீடுகள் நன்றாக உணர்த்துகின்றன. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் கரையோரக் குப்பங்களில் கான்கிரீட் வீடுகள் எழுந்தன. 2010இல் தொடங்கிய அரசுத் திட்டமும் குடிசைகளைக் கான்கிரீட் கூரைக்கு மாற்ற முனைந்தது. நெருப்புப் பயம் நீங்கியது பெரும் நன்மையே. எனினும் தளம் பகலில் உண்ட வெப்பத்தை இரவில் வீட்டுக்குள்ளேயே உமிழ்கிறது. தளத்தின் அடியில் சுழலும் விசிறியோ அங்கே தேங்கிய அனற்காற்றை உறங்குபவர் மேலேயே இறக்குகிறது. ஆஸ்பெஸ்டாஸ், தகரக் கூரைகளின் கீழ்ப் பொய்க்கூரை அமைத்த வீடுகளில், இடைப்பட்ட வெளி அனலின் உறைவிடமாகிறது.

இதற்குப் பரிகாரம் பழைய முகட்டின் வேலையை மின்விசிறியிடம் ஒப்படைப்பதே. எக்ஸாஸ்ட் ஃபேன் என்று கடைகளில் கேட்கும் விசிறியை, சாய்கூரை வீட்டில் முகட்டருகே முக்கோணச் சுவரிலும், தளவீட்டில் சுவரின் உச்சியிலும் வைத்து, காற்று உள்ளே வருவதற்குத் தாழ்ந்த இடத்தில் போதிய திறப்பு விடவேண்டும். பொய்க்கூரை வீடானால் அத்திறப்பு இறவாரத்தருகே இருந்து, பொய்க்கூரையில் இடுக்கு இல்லாதிருக்க வேண்டும். இல்லையேல் விசிறி மேலேயுள்ள அனலை விட்டு அறையின் காற்றையே உறிஞ்சிவிடும். வெளிக்காற்று உட்காற்றைவிடக் குளிர்ந்திருக்கும் மாலையிலும் இரவிலும் அதனால் பயன் மிகுதி. உப்புக்காற்று இரும்பைத் தின்னும் கரையாதலால் துருப்பிடிக்காத உறுப்புகளும் அவசியம்.

அத்திப்பட்டை அடுத்த வடசென்னை அனல் மின் நிலையம் 1994 முதல் மாநிலத்துக்கு மின்சாரம் தருகிறது. அந்த மின்சாரம் பிறக்கும் பூமியிலேயே, கடலில் உழைத்துத் திரும்பும் குடும்பங்கள் புழுக்கத்தில் உறக்கமின்றிக் கிடப்பது நியாயமாகாது. இனி இக்கரையில் வீடு கட்டித் தருபவர்கள், அரசாயினும் தருமவான்களாயினும், கதவையும் ஜன்னலையும் போலவே வெப்பம் போகும் வழியையும் வீட்டின் இன்றியமையாத அங்கமாகக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஓலைக் கூரையை விட்டுவிட்டோம். அது கற்றுத் தந்த விவேகத்தை விட்டுவிட யாதொரு காரணமும் இல்லை.