புள்ளி இருக்கும் இடம்

போன மாதம் அறந்தாங்கிப் பக்கமிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கடைக்கு வந்தார். மடிக்கணினியில் டீ கொட்டி, கீபோர்டின் நடு வரிசை மொத்தமும் செத்துப்போயிருந்தது.

“மாத்தித்தான் ஆகணும் சார்” என்றேன்.

“மாத்துறதுதான் மாத்துறே, தமிழ் எழுத்து போட்டதா ஒண்ணு மாட்டி விடும்மா. நான் தமிழ் 99 அடிக்கிறவன்.”

“அப்படி ஒண்ணு நமக்கு வர்றதில்லை சார். இங்கிலீஷ் போர்டுதான் வரும். மேல ஸ்டிக்கர் ஒட்டித் தர்றேன்.”

அவர் முகம் வாடிவிட்டது. பிரான்சில் ஒருவர் கீபோர்டை மாற்றினால் பிரெஞ்சு அடுக்கிலேயே உதிரி கிடைக்கிறது. ஜெர்மனியிலும் அப்படித்தான். புதுக்கோட்டையில் தமிழாசிரியருக்கு ஸ்டிக்கர்தான். அன்று ராத்திரி அந்தக் கணினியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தபோது, தமிழ் எழுத்து விசைக்கு வந்து சேர்ந்த கதை முழுவதும் மனதில் ஓடியது. அது பெரும்பாலும் ஒரு புள்ளியின் கதை.

மெய்யெழுத்து புள்ளி பெறும் என்பது தொல்காப்பியம் சொன்ன இலக்கணம். ஆனால் எழுதும் கருவி எல்லாக் காலத்திலும் அதற்கு இடம் கொடுத்துவிடவில்லை. எங்கள் மாவட்டத்துச் சித்தன்னவாசலில், ஏழடிப்பட்டத்துக் குகைப் பாறையில், உளியால் செதுக்கிய, இரண்டாயிரம் ஆண்டு பழைய தமிழ் பிராமி எழுத்து இருக்கிறது. உளிக்குப் பிறகு எழுத்தாணி வந்தது. ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டார்கள். படிப்பவர்தான் இடம் பார்த்து மெய்யா உயிர்மெய்யா என்று கண்டுகொள்ள வேண்டும். அச்சு வந்த பிறகு புள்ளி மறுபடி நிலைபெற்றது.

அடுத்தது தட்டச்சு. தமிழுக்கு எழுத்து 247. தட்டச்சுப் பொறியிலோ நாற்பதுக்குச் சற்றுக் கூடுதலான விசைகள்தான். யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்த ஆர். முத்தையா இந்தக் கணக்கை எடுத்துப் போட்டார். 1907இல் மலாயாவுக்குப் போய், சிங்கப்பூரில் ஒரு வணிக நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே தமிழ்ப் பொறிக்கு வரைபடம் போட்டு, ஜெர்மனியில் செய்து வரவழைத்தார். அவர் கண்ட வழி நகரா விசை. புள்ளியை அடித்தால் தாளில் புள்ளி விழும், வண்டி நகராது. அடுத்து ‘க’ அடித்தால் அது அந்தப் புள்ளிக்கு அடியில் போய் உட்கார்ந்து ‘க்’ ஆகும். ஒரே விசையில் பதினெட்டு மெய்யும் அடங்கிவிட்டன.

1956இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தபின் அரசு அலுவலகங்களுக்குத் தமிழ்த் தட்டச்சர்கள் தேவைப்பட்டார்கள். ஊருக்கு ஊர் டைப் இன்ஸ்டிட்யூட் வந்தது. கீழ ராஜ வீதியை ஒட்டிய ஒரு மாடியில் 1988இல் நான் தமிழ்த் தட்டச்சு லோயர் தேர்வுக்குச் சேர்ந்தேன். முதல் பாடம் இடது கைக்கு ‘யளனகபக’. அதைப் பக்கம் பக்கமாக அடிக்க வேண்டும். சுண்டுவிரல் வலித்து, ராத்திரி சோறு பிசையும்போது தெரியும். ஆனால் அந்த விரல்தான் என் வீட்டுக்குச் சோறு போட்டது. லோயரும் ஹையரும் முடித்து வேலைக்குப் போன எத்தனையோ பெண்களுக்கும் அப்படித்தான்.

கணினி வந்ததும் குழப்பமும் கூடவே வந்தது. நான் டிடிபி வேலைக்குப் போன நாளில் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு விசையமைப்பு, ஒரு குறியீட்டு முறை. ஒரு கடையில் அடித்த கல்யாணப் பத்திரிகையை இன்னொரு கடையில் திறந்தால் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். இதைத் தீர்க்கத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணையம் 99 மாநாடு கூடியது. அதே ஆண்டு ஜூனில் தமிழக அரசு தமிழ் 99 விசைப்பலகையைத் தரமாக அறிவித்தது. 2010 ஜூனில் யூனிகோடு குறியீட்டு முறையையும் ஏற்று ஆணையிட்டது.

தமிழ் 99இன் அருமையை விரல் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். உயிர் இடது கையில், மெய்யில் பெரும்பகுதி வலது கையில். ‘ப’ அடித்து ‘உ’ அடித்தால் ‘பு’. பள்ளியில் படித்த உயிரும் மெய்யும் சேர்ந்த கணக்கு அப்படியே விசையில் நடக்கிறது. ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்துக்குத் தானே புள்ளி விழும். ‘புதுக்கோட்டை’ என்று அடிக்கப் பழைய தட்டச்சு முறையில் 11 தட்டு. அதில் மூன்றுக்கு ஷிஃப்ட், இரண்டு முறை புள்ளி. தமிழ் 99இல் ப, உ, த, உ, க, க, ஓ, ட, ட, ஐ என்று 10 தட்டு. ஷிஃப்டே வேண்டாம், புள்ளியையும் தொட வேண்டாம்.

ஆசிரியரின் கணினிக்கு வருகிறேன். பழைய மாடல்களில் அடியில் சில திருகைக் கழற்றினால் கீபோர்டு தனியாக வந்துவிடும். இது புது மாடல். மேல் பலகையோடு பிளாஸ்டிக்கை உருக்கி இணைத்திருந்தார்கள். முளை முளையாகப் பெயர்த்து, ரிப்பன் கேபிளின் பூட்டைத் தூக்கி, புதியதைப் பொருத்தி, முளைகளை மறுபடி உருக்கி ஒட்டினேன். மூன்று மணி நேரமாயிற்று.

விசை மேல் என்ன எழுத்து அச்சாகியிருக்கிறது என்று கணினிக்குத் தெரியாது. ஒவ்வொரு விசையும் ஒரு எண்ணைத்தான் அனுப்பும்; அந்த எண்ணை எழுத்தாக்குவது உள்ளே இருக்கும் மென்பொருள். ஆகவே ஆங்கிலப் பலகையிலும் தமிழ் தடையில்லாமல் ஓடும். எழுத்தை அச்சிடுவது மனிதனுக்காக, புதிதாகக் கற்க வரும் குழந்தைக்காக. அந்தக் குழந்தைக்குத்தான் இன்று விசையில் தமிழே கண்ணில் படுவதில்லை. அதனால் ‘அம்மா’வையும் ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கிக்கொள்கிறது. அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு என்பதை யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை.

மறுநாள் ஆசிரியர் வந்தார். ஸ்டிக்கரைப் பார்க்கவே இல்லை. இடது ஆள்காட்டி விரலால் ‘எஃப்’ விசையைத் தடவினார். விரல் வழி தெரிந்துகொள்ள அதில் சின்ன மேடு ஒன்று இருக்கும். தமிழ் 99இல் புள்ளியின் இடம் அதுதான்.

தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வொரு கணினியிலும் தமிழ் எழுத்து அச்சாகி வர வேண்டும். பள்ளியில் எழுத்து கற்பிக்கும்போதே தமிழ் 99ஐயும் கற்பிக்க வேண்டும். அதுவரை காத்திருக்காதீர்கள். இன்று மாலை உங்கள் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, அதன் பெயரைத் தமிழ் 99இல் அடித்துக் காட்டுங்கள்.