சல்லடையில் பிறந்த ஜன்னல் வலை



புது வீடு கட்டியவர்களும் ஃபிளாட் வாங்கியவர்களுமாக நான்கைந்து பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். “டீச்சர், பால்கனிக் கதவுக்கும் ஜன்னலுக்கும் எந்தக் கொசுவலை போடலாம்?” விலையும் கடையும் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எனக்குத் தெரிந்தது அந்த வலையின் வரலாறு. அதைச் சொன்னாலே எந்த வலை, எப்படி, யாருக்கெல்லாம் என்ற மூன்றுக்கும் பதில் கிடைத்துவிடும். கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுமையாகப் படியுங்கள்.

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் கில்பர்ட் அண்ட் பென்னட் என்றொரு கம்பெனி இருந்தது. நம் வீட்டில் மாவு சலிக்கிறோமே, அந்த மாதிரிச் சல்லடைகளுக்குக் கம்பி வலை பின்னுவது அவர்கள் தொழில். 1861இல் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டது. தென் மாநிலங்களின் வியாபாரம் நின்றுபோய், வலை கட்டுக்கட்டாகத் தேங்கியது. அந்த வலைக்குச் சாம்பல் நிறப் பெயின்ட் அடித்து ஜன்னலுக்கு விற்றால் என்ன என்று அங்கே யோசனை பிறந்தது. அது நன்றாக விற்றது. அன்று அதை வாங்கியவர்கள் ஈயும் பூச்சியும் வராமல் இருந்தால் போதும் என்றுதான் வாங்கினார்கள். கொசு நோயைக் கொண்டுவரும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

மலேரியா என்ற இத்தாலியச் சொல்லுக்கே ‘கெட்ட காற்று’ என்றுதான் பொருள். சதுப்பு நிலத்திலிருந்து எழும் இரவுக் காற்றுதான் காய்ச்சலைத் தருகிறது என்று நம்பி, புழுங்கினாலும் பரவாயில்லை என்று ஜன்னலை இறுகச் சாத்திக்கொண்டு படுத்தார்கள்.

இந்த நம்பிக்கையை அசைத்த கண்டுபிடிப்பு நம் நாட்டில்தான் நடந்தது. 1897 ஆகஸ்ட் 20ஆம் தேதி, செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் ஒரு கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். ஆனாலும் பலர் நம்பவில்லை. அவர்களை நம்பவைத்ததில் கம்பி வலைக்குப் பெரிய பங்கு உண்டு.

1900ஆம் ஆண்டு, ராஸின் குருவான பேட்ரிக் மேன்சன் ஒரு சோதனைக்கு ஏற்பாடு செய்தார். ரோம் நகருக்கு அருகே, ஆஸ்டியா பக்கத்தில், மலேரியாவுக்குப் பேர்போன சதுப்பு நிலத்தில் ஒரு மரக் குடிலை நிறுத்தினார். கதவு, ஜன்னல் எல்லாவற்றுக்கும் கம்பி வலை. லோ, சம்பான் என்ற இரண்டு மருத்துவர்களும் உடன் சிலரும் அதில் தங்கினார்கள். பகலில் வெளியே நடமாடலாம், சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும்வரை வலைக்குள் இருக்க வேண்டும். கொய்னா மாத்திரை கிடையாது. ஜூலை முதல் அக்டோபர் வரை அந்தக் ‘கெட்ட காற்றை’ இரவு முழுக்கச் சுவாசித்தும் ஒருவருக்கும் மலேரியா வரவில்லை. அதே ஆண்டு இத்தாலியிலிருந்து நோய் சுமந்த கொசுக்களை லண்டனுக்கு வரவழைத்து, மேன்சனின் மகனையே கடிக்கவிட்டார்கள். சதுப்பு நிலத்தை மிதிக்காத அந்த இளைஞருக்கு மலேரியா வந்தது.

அதே 1900 டிசம்பரில் கியூபாவில் வால்டர் ரீட் குழுவினர் மஞ்சள் காய்ச்சலுக்கு ஒரு சோதனை செய்தார்கள். ஒரே அறை, நடுவில் கம்பி வலைத் தடுப்பு. ஒரு பக்கம் நோயாளியைக் கடித்த கொசுக்கள், மறுபக்கம் கொசு இல்லை. கொசு இருந்த பக்கம் போய்க் கடிபட்ட ஜான் மோரன் என்ற தன்னார்வலர் கிறிஸ்துமஸ் நாளில் காய்ச்சலில் விழுந்தார். மறுபக்கம் படுத்திருந்த இருவரும் நலமாக இருந்தார்கள். இரு பக்கமும் ஒரே காற்றுதான். கார்லோஸ் ஃபின்லே என்ற கியூபா மருத்துவர் 1881இலேயே சொன்னது உண்மை என்று நிலைநாட்டப்பட்டது.

அடுத்து பனாமா கால்வாய். 1881இல் பிரெஞ்சுக்காரர்கள் தோண்டத் தொடங்கி 1889இல் கைவிட்டார்கள். அதற்குள் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். அவர்களுடைய மருத்துவமனையில் எறும்பு ஏறாமலிருக்கக் கட்டில் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் வைத்தார்களாம். அந்தத் தண்ணீரில் கொசு பெருகியது. ஜன்னலுக்கோ வலை இல்லை.

1904இல் அமெரிக்கர்கள் வந்தபோது சுகாதாரப் பொறுப்பு வில்லியம் கோர்காஸ் என்ற மருத்துவரிடம் வந்தது. மேலிடம் முதலில் கொசுக் கதையை நம்பவில்லை. 1905இல் மஞ்சள் காய்ச்சல் பரவி ஆட்கள் கப்பலேறி ஓடிய பிறகுதான் கேட்டதெல்லாம் கிடைத்தது. செம்புக் கம்பி வலைக்கு மட்டும் 90,000 டாலர். செம்பு எதற்கு என்றால், அந்த ஈரக் காற்றில் இரும்பு வலை துருப்பிடித்து ஓட்டையாகிவிடும். வலையோடு நிற்காமல் தேங்கிய தண்ணீரையும் ஒழித்தார். அந்த ஆண்டு நவம்பரோடு பனாமா நகரில் மஞ்சள் காய்ச்சல் மரணம் நின்றது.

ஆனால் இந்தக் கதைக்கு இன்னொரு பக்கம் உண்டு. அங்கே இரண்டு சம்பளப் பட்டியல்கள். வெள்ளை அமெரிக்கர்களுக்குத் தங்கப் பட்டியல். பார்படாஸ் முதலிய கரீபியன் தீவுகளிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர்களுக்கு வெள்ளிப் பட்டியல். தங்கப் பட்டியல்காரர்களின் வீட்டு வராந்தா முழுக்கச் செம்பு வலை. மண் வெட்டியவர்களில் பெரும்பாலோர் வலையில்லாத கொட்டகைகளிலும் நெரிசலான வாடகை அறைகளிலும் படுத்தார்கள். அமெரிக்கர் காலத்தில் இறந்ததாகக் கணக்கில் உள்ள 5,609 பேரில் ஏறக்குறைய 4,500 பேர் இந்தத் தொழிலாளர்கள். நிமோனியா, விபத்து என்று காரணங்கள் பல. ஆனாலும் வலை எந்த வீட்டு வாசலோடு நின்றது என்பதை வரலாறு மறைக்கவில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

எந்த வலை? அங்குலத்துக்கு 16 முதல் 18 கண்கள் இருந்தால் கொசு நுழையாது, காற்றும் வரும். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் பனாமாவை நினைத்துக்கொண்டு, இரும்பு வலையை விட்டுவிட்டு நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ ஃபைபர்கிளாஸோ வாங்குங்கள்.

எப்படிப் போடுவது? வலையில் ஓட்டை இருக்காது, ஓரத்தில்தான் இருக்கும். ஸ்லைடிங் கதவின் இரண்டு பலகைகளும் சந்திக்கும் இடம், கீழே தண்டவாளம், சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்து, இவற்றைப் பார்த்து பிரஷ் பட்டை வைக்கச் சொல்லுங்கள். ஜன்னலுக்கு வெல்க்ரோ வலை போதும். கழற்றித் துவைக்கலாம். ஆனால் ஆள் நடமாடும் கதவுக்கு அலுமினியச் சட்டம்தான் தாங்கும்.

எப்போது சாத்துவது? மாலை ஆறானால் ஜன்னலைச் சாத்தும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. மலேரியாக் கொசுவுக்கு அது சரி. டெங்குக் கொசுவோ பகலில் கடிப்பது. கியூபாவில் மஞ்சள் காய்ச்சலைப் பரப்பிய அதே ஏடிஸ் இனம்தான் அது. ஆகவே காலையிலும் மதியத்திலும் வலைக்கதவு சாத்தியே இருக்கட்டும். தொட்டி மூடியையும் பூச்செடித் தட்டையும் கூடவே பாருங்கள்.

யாருக்கெல்லாம்? அடுக்ககத்தில் எல்லா ஃபிளாட்டுக்கும் வலை இருக்கும். கீழே வாட்ச்மேன் குடும்பம் இருக்கும் அறைக்கு இருக்கிறதா என்று பாருங்கள். கட்டட வேலை நடக்கும் இடத்தில் தகரக் கொட்டகையில் படுக்கும் வடமாநிலத் தம்பிகளுக்கு இருக்கிறதா? அவரைக் கடித்த கொசுதான் மாடியில் உங்கள் குழந்தையையும் தேடி வரும். அப்படி வராவிட்டாலும் அவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதான். சங்கக் கூட்டத்தில் இதைச் சொல்லுங்கள். ஒரு சிறிய ஜன்னலுக்கு வலை போட ஆகும் செலவு பெரிய தொகை இல்லை.

படித்தவர்கள் உங்கள் வீட்டில் எந்த வலை எத்தனை வருடம் உழைத்தது என்று கீழே எழுதுங்கள். மற்றவர்களுக்கு உதவும். அனைவரும் நலமோடு இருங்கள்.