பிரிட்ஜில் டம்மி: வெற்று இருக்கையில் அமர்ந்த மனிதர்

இருவர் இருவராக அணி சேர்ந்து ஆடும் சீட்டாட்டங்களில் பெரும்பாலும் நால்வர் கையும் மறைவாகவே இருக்கும். யாழ்ப்பாணத்து 304 அப்படிப்பட்டதுதான். பிரிட்ஜில் ஏலம் முடிந்து எதிரணியின் முதல் சீட்டு இறங்கியதும், ஏலம் எடுத்தவரின் கூட்டாளி தம் 13 சீட்டுகளையும் மேசைமேல் விரித்து வைக்கிறார். அந்தக் கணம் முதல் அவர் டம்மி. இரண்டு கைகளையும் ஏலம் எடுத்தவரான டிக்ளேரர் ஒருவரே ஆடுகிறார்.

ஆட்டத்தில் முடிவெடுக்கும் வேலை எதுவும் டம்மிக்கு இல்லை. ஆனால் போட்டி வடிவமான டூப்ளிகேட் பிரிட்ஜின் இன்றைய விதித்தொகுப்பில் 42, 43 என்ற இரண்டு விதிகள் முழுக்க அவருக்கே உரியவை. 41, 45, 46 ஆகியவற்றிலும் அவரைப் பற்றி நிறையவே பேசப்படுகிறது. சும்மா இருக்க வேண்டிய ஒருவருக்கு ஏன் இத்தனை விதிகள்? மூவராக ஆடிய விஸ்ட் ஆட்டத்தில் வெறும் நாற்காலியாக இருந்த இடத்தில் பிரிட்ஜ் ஓர் உயிருள்ள மனிதரை உட்காரவைத்தது. அதனால் எழுந்த சிக்கலைத் தீர்க்கவே இந்த விதிகள் படிப்படியாக உருவாயின என்பது என் துணிபு.

விஸ்ட் நால்வருக்கான ஆட்டம். எட்மண்ட் ஹாயில் 1742இல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்ட காலத்தில் அது இங்கிலாந்தின் முதன்மையான சீட்டாட்டங்களுள் ஒன்றாக வளர்ந்துகொண்டிருந்தது. மூவர் மட்டுமே இருந்தால் நான்காவது கையைத் திறந்து வைத்து, ஒருவர் தம் கையோடு அதையும் சேர்த்து ஆடுவார்கள். அதுவே டம்மி விஸ்ட். இருவர் மட்டும் ஆளுக்கொரு திறந்த கையோடு ஆடினால் டபுள் டம்மி. இவ்விரண்டிலும் டம்மி என்பது சீட்டுகளைத்தான் குறித்தது. பின்னால் ஆளில்லை, எனவே நடத்தை விதிக்கும் இடமில்லை. ஒரே ஒரு விதி மட்டும் குறிப்பிடத்தக்கது. கேட்ட இனத்தில் சீட்டு இருந்தும் வேறு இனத்தைப் போடுவது ரிவோக். டம்மியின் கையில் அது நேர்ந்தால் தண்டனை கிடையாது. சீட்டுகள் எல்லோர் கண்முன்னும் கிடக்கும்போது எதிரணியும் கவனித்திருக்க வேண்டும் என்பதே காரணம்.

1886இல் ஜான் காலின்சன் லண்டனில் வெளியிட்ட சிறு பிரசுரம் 'பிரிட்ச்' அல்லது ரஷ்ய விஸ்ட் என்ற ஆட்டத்தை விளக்கியது. அதில் நால்வரும் இருப்பார்கள். ஆனாலும் சீட்டைப் பகிர்ந்து கொடுத்தவரின் கூட்டாளி தம் கையைத் திறந்து வைப்பார். 1894இல் புரூம் பிரபு இந்த ஆட்டத்தை லண்டன் போர்ட்லண்ட் கிளப்பில் அறிமுகப்படுத்தினார் என்பது பரவலாக ஏற்கப்பட்ட செய்தி. அடுத்த ஆண்டே அந்தக் கிளப் விதிகளை வகுத்தது. மூன்று பேர் மட்டும் வந்த நாளின் சமாளிப்பு, நால்வர் ஆட்டத்தின் நிலையான அமைப்பாக மாறிவிட்டது. திறந்த சீட்டுகளுக்குப் பின்னால் இப்போது ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குக் கண் இருக்கிறது, வாய் இருக்கிறது, கூட்டாளி வெல்ல வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது.

தொடக்ககால பிரிட்ஜ் விதிகள் அவரை ஏறத்தாழ முழுமையாக வாயடைத்தன. கையை விரித்தபின் ஆட்டத்தில் அவருக்குப் பங்கில்லை. கூட்டாளி ஓர் இனத்தைப் போடாமல் விட்டால், அந்த இனம் கையில் இல்லையா என்று கேட்கலாம். அதுதான் அவருக்கு விடப்பட்ட உரிமை. எதிரணியின் தவறை அவர் சுட்டிக்காட்டினால், அதற்கான தண்டனையைக் கோரும் உரிமையைக் கூட்டாளி இழப்பார். சீட்டைத் தொட்டோ வேறு வகையிலோ எதைப் போடலாம் என்று குறிப்புக் கொடுத்தால், அந்தச் சீட்டைப் போடு என்றோ போடாதே என்றோ கட்டளையிடும் உரிமை எதிரணிக்கு வந்தது. அன்றைய விதி குற்றத்துக்கு உடனடித் தண்டனை என்ற முறையில் நின்றது. குறிப்பால் உண்மையில் யாருக்கு எவ்வளவு இழப்பு என்று அது அளக்கவில்லை.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏலத்தோடு ஆடும் ஆக்‌ஷன் பிரிட்ஜ் வந்தது. 1925இல் ஹெரால்டு வாண்டர்பில்ட் கப்பல் பயணமொன்றில் கான்ட்ராக்ட் பிரிட்ஜின் மதிப்பெண் முறையைச் சோதித்தார். 1932இல் முதல் பன்னாட்டு விதித்தொகுப்பு வெளியானது. இம்மாற்றங்களால் டம்மி யார் என்பதே மாறியது. முன்பு சீட்டைப் பகிர்ந்து கொடுத்தவரின் கூட்டாளியே டம்மி. ஏலம் வந்தபின், வென்ற இனத்தைத் தம் அணியில் முதலில் சொன்னவர் டிக்ளேரர், மற்றவர் டம்மி. எந்தக் கையில் யார் டம்மியாவார் என்பது முன்கூட்டித் தெரியாது.

இன்றைய விதிகளின் நுட்பமான பகுதி, தடுப்பதற்கும் சுட்டுவதற்கும் இடையே அவை போடும் கோடு. டிக்ளேரர் தவறான கையிலிருந்து ஆடத் தொடங்குமுன் “ஆட்டம் உங்கள் கையில்” என்று டம்மி சொல்லலாம். தவறு நடந்துவிட்டால் அந்தக் கை முடியும்வரை வாய் திறக்கக்கூடாது. வேறு யாராவது சுட்டிக்காட்டாதவரை போட்டி நடுவரான டைரக்டரையும் அழைக்கக்கூடாது. நடக்கவிருக்கும் தவறைத் தடுத்தால் ஆட்டம் ஒழுங்காக நடக்கிறது. நடந்த தவறைச் சுட்டினால் ஓர் அணி ஆதாயம் அடையக்கூடும். இந்தக் கோடு மிகச் சரியான இடத்தில் போடப்பட்டிருப்பதாகவே நான் கருதுகிறேன். எதிரணியின் கைச்சீட்டுகளை டம்மி தாமாகவே எட்டிப் பார்த்தாலோ, டிக்ளேரரோடு கைகளை மாற்றிப் பார்த்தாலோ இந்தத் தடுக்கும் உரிமையும் போய்விடும். அதன்பிறகும் தவறான கை பற்றி எச்சரித்தால், எந்தக் கையிலிருந்து ஆடுவது என்பதை எதிரணி தீர்மானிக்கும்.

சீட்டுகளைக் கையாளும் ஒழுங்கும் இதே நோக்கில் அமைந்தது. துருப்பு டம்மியின் வலப்பக்கம் இருக்க வேண்டும். ஒவ்வோர் இனமும் தனி வரிசையாக, டிக்ளேரரை நோக்கி, சிறிய சீட்டு அவர் பக்கம் வருமாறு அடுக்கப்பட வேண்டும். டிக்ளேரர் சீட்டின் பெயரைச் சொன்னபின்தான் டம்மி அதை எடுத்து வைக்கலாம். வெறுமனே “இஸ்பேடு” என்று சொன்னால், டிக்ளேரர் வேறொன்றைக் கருதியது ஐயமின்றித் தெரிந்தாலன்றி, அந்த இனத்தின் மிகச் சிறிய சீட்டுத்தான். ராணியும் நான்கும் இருக்கையில் ராணியே சரியென்று டம்மிக்குத் தோன்றலாம்; அதை எடுத்து வைத்தால் அவர் ஆட்டத்தில் கலந்துகொண்டவராகிறார். “எதையாவது போடு” என்று டிக்ளேரர் சொன்னால், தேர்வு எதிரணிக்குப் போகிறது. கேட்ட இனத்தில் ஒரே சீட்டுதான் இருக்கிறது என்பதால், டிக்ளேரர் சொல்லுமுன்பே டம்மி அதை நீட்டிவிடும் பழக்கம் நல்லெண்ணத்தில் பிறந்தது. கடுமையாகப் பார்த்தால் அதுவும் மீறல். டிக்ளேரர் ஒரு கணம் தயங்கினாரா என்பதை அறியும் உரிமை எதிரணிக்கு உண்டு. சொல்லுமுன் நீளும் கை அதைப் பறித்துவிடுகிறது.

சீட்டைத் தொட்டுக் குறிப்புக் காட்டுவதற்கான தீர்வுதான் பெரிதும் மாறியது. எதிரணியின் கட்டளை உரிமை மறைந்தது. இன்று டைரக்டரை அழைத்து, ஆட்டத்தைத் தொடர்ந்து, கை முடிந்தபின் அந்தக் குறிப்பால் எதிரணிக்கு உண்மையில் சேதம் ஏற்பட்டதா என்று பார்க்கிறார்கள். ஏற்பட்டிருந்தால் மதிப்பெண் திருத்தப்படும். தண்டிப்பதைவிடச் சீர்செய்வது முக்கியம் என்ற இந்த அணுகுமுறை 2007, 2017 திருத்தங்களிலும் தொடர்கிறது. டம்மி விஸ்ட் காலத்து ரிவோக் விலக்கும் இதனோடு இணைந்தே நிற்கிறது. டம்மியின் கையில் ரிவோக் ஆனால் தானாகப் பிடி (நால்வரும் ஒவ்வொரு சீட்டுப் போடும் சுற்று) மாறுவதில்லை. ஆனால் எதிரணிக்கு இழப்பு நேர்ந்திருந்தால் டைரக்டர் ஈடு செய்வார்.

டம்மியின் பேச்சுரிமையும் கொஞ்சம் விரிந்திருக்கிறது. முடிந்த பிடியின் சீட்டை டிக்ளேரர் தவறான திசையில் கவிழ்த்து வைத்தால், அடுத்த பிடியின் முதல் சீட்டு விழுமுன் டம்மி அதைச் சொல்லலாம். மீதிப் பிடிகள் இத்தனை தமக்கு என்று யாராவது உரிமை கோரினால் ஆட்டம் நிற்கிறது. அந்தக் கோரலை ஐயுறும் உரிமை டம்மிக்கும் உண்டு என்று விதியே பெயர் சுட்டிச் சொல்கிறது. 2017 தொகுப்பின்படி, கோராத அணி விரும்பினால் அந்தக் கையைத் தொடர்ந்து ஆடலாம். அதற்கு நால்வரின் சம்மதமும் வேண்டும். டம்மி மறுத்தால் டைரக்டரை அழைக்க வேண்டியதுதான்.