மோகனாம்பாளின் கல்யாணமும் வடிவாம்பாளின் கணக்கும்

கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்ற பெயரில் 1950களில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை ‘தில்லானா மோகனாம்பாள்’. 1968இல் ஏ.பி. நாகராஜன் அதைப் படமாக்கினார். நாதஸ்வரக்காரர் சண்முகசுந்தரமும் ஆட்டக்காரி மோகனாவும் போட்டியில் மோதுகிறார்கள், காதலிக்கிறார்கள், ஊடுகிறார்கள், கடைசியில் மணமுடிக்கிறார்கள். நாகேஷின் வைத்திக்கு நாம் இன்றும் சிரிக்கிறோம். மகளைச் செல்வந்தர் ஒருவரிடம் சேர்த்துவிடத் துடிக்கும் தாய் வடிவாம்பாளைப் பார்த்தும் சிரிக்கிறோம்.

பாளையங்கோட்டையில் என் மாணவிகள் அவளைப் ‘பேராசைக்காரி’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அவள் ஏன் அப்படிக் கணக்குப் போடுகிறாள் என்பதற்கு விடை படத்துக்கு வெளியே, வரலாற்றில் இருக்கிறது.

தேவதாசி வீடுகளில் மகளின் ஆட்டத்தில்தான் உலை கொதித்தது. கோயில் மானியமும் புரவலரின் பணமும் அந்த ஆட்டத்தை நம்பியே வந்தன. அதற்குச் சிறுமிகள் கொடுத்த விலை கொடியது. அதை உள்ளிருந்து அறிந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்ற நாவலை எழுதினார். பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் போராடினார். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற கலைஞர்களோ, எங்கள் கலைக்கும் பிழைப்புக்கும் என்ன வழி என்று எதிர்த்து நின்றார்கள். இரு பக்கமும் பேசியவர்கள் பெண்களே.

1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது. பொட்டுக்கட்டுவது குற்றமாயிற்று. பொட்டுக்கட்டப்பட்ட பெண்ணும் சட்டப்படி மணம் செய்துகொள்ளலாம் என்று அது உறுதிசெய்தது. அதே சட்டம் கோயில் வளாகத்திலும் சாமி ஊர்வலத்திலும் பெண் ஆடுவதையும் தடை செய்தது. கல்யாணக் கதவு திறந்தது, ஆடிய களம் மூடியது. ஆடிப் பிழைத்தவளுக்கு மாற்றுப் பிழைப்பு என்ன என்ற கேள்வி அப்படியே நின்றது.

கதை நடப்பது சமஸ்தான காலத்தில் என்றாலும், எழுதப்பட்டது இந்தச் சட்டத்துக்குப் பிறகு. அதனால்தானோ என்னவோ, அதன் முடிவும் சட்டத்தைப் போலவே அமைந்திருக்கிறது. பிழைப்பைப் பற்றிய தாயின் கவலை காதலுக்குக் குறுக்கே நிற்கும் தடையாகச் சுருங்கிவிடுகிறது. தாலி ஏறியதும் எல்லாம் தீர்ந்துவிடுகிறது. அதன்பின் மோகனா எங்கே ஆடினாள் என்று கதை கேட்பதில்லை. நாடகக் கொட்டகையில் தன் உழைப்பில் வாழும் ஜில்ஜில் ரமாமணியோ வேடிக்கைப் பாத்திரமாகவே நின்றுவிடுகிறாள்.

ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் கோயிலில் நாதஸ்வரம் இன்றும் ஒலிக்கிறது. சண்முகசுந்தரத்தின் தொழில் சாமியோடு வீதிவரை வருகிறது. மோகனாவின் தொழில் அங்கே இல்லை. பொட்டுக்கட்டு ஒழிந்தது நமக்கு நல்லதே. ஆனால் ஒரு கொடுமையை நீக்கும்போது பெண்ணின் கையிலிருந்த தொழிலும் சேர்ந்து போனதென்றால், அந்த நட்டத்தையும் நாம்தான் எழுதிவைக்க வேண்டும். வடிவாம்பாள் விரல்விட்டு எண்ணியது அந்தக் கணக்கைத்தான்.